முதுகெலும்பு முறிந்தவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நிற்கப்போகிறவருக்கு

என் தம்பி தென்னையிலிருந்து விழுந்தது 2019 மார்கழியில். பேராவூரணிப் பக்கம் எங்கள் கொல்லையில் கஜா புயல் விட்டுவைத்த பதினோரு மரங்களில் ஒன்று அது. பனி ஈரத்தில் கால் வழுக்கிவிட்டது. விழுந்த இடத்தில் இரண்டு கால் பெருவிரலையும் ஆட்டிக் காட்டினான். “ஒண்ணுமில்லக்கா, இடுப்புதான் வலிக்குது” என்றான். நான்கு பேர் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, ஒரு லோடு வண்டியின் பின்பக்கம் முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தோம். பட்டுக்கோட்டையில் இறக்கியபோது விரல் ஆடவில்லை.

அந்தப் பயணத்தால்தான் அப்படி ஆயிற்று என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அடிபட்ட இடம் சில மணி நேரத்தில் வீங்கினாலும் இப்படி நடக்கும். ஆனால் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருத்தி. அதனால்தான் ஊரில் யார் விழுந்தாலும், வண்டியில் போய்ச் சறுக்கினாலும், எனக்குப் போன் வருகிறது, நானும் போகிறேன். ஒவ்வொரு குடும்பத்திடமும் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். எழுதிவைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எலும்பு வேறு, தண்டுவடம் வேறு

இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாவிட்டால் டாக்டர் சொல்வது எதுவும் தலையில் ஏறாது. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. அதற்குக் கீழே, ஒன்றாக ஒட்டிப்போன திரிகம் என்ற எலும்பும் வால் எலும்பும். இந்த அடுக்கின் நடுவே இருக்கும் பொந்தில், சுண்டுவிரல் பருமனுக்கு மூளையிலிருந்து இறங்கி வருவதுதான் தண்டுவடம். பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புக் கற்றைதான். கற்றையில் பட்ட அடி தேறுவதற்கு, தண்டுவடத்தில் பட்ட அடியைவிட வாய்ப்பு அதிகம். கேஸ் ஷீட்டில் சி5, டி12, எல்1 என்று எழுதியிருப்பார்கள்: கழுத்தில் ஐந்தாவது, மார்பில் பன்னிரண்டாவது, இடுப்பில் முதலாவது. மரத்திலிருந்து விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடைவது டி12, எல்1 பக்கம்தான். விறைப்பான மார்பு எலும்புகளும் வளைந்துகொடுக்கும் இடுப்பும் சந்திக்கிற இடம் அது.

ஆபரேஷன் எலும்பைச் சரிசெய்கிறது. தண்டுவடத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் துண்டை அகற்றுகிறது. தண்டுவடத்தைத் தைக்கவோ ஒட்டவோ இன்று எந்த ஊரிலும் ஆபரேஷன் கிடையாது. டெல்டாக்காரர்களுக்கு இதை நான் இப்படிச் சொல்வேன்: உடைந்த கரையை மண்மூட்டை அடுக்கிக் கட்டிவிடலாம், வயலில் நிற்கும் தண்ணீரையும் வடிக்கலாம், மூழ்கிக் கிடந்த சம்பா எழுந்து நிற்குமா என்பது எத்தனை நேரம், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. “ஆபரேஷன் பண்ணியும் கால் வரலையே, டாக்டர் கெடுத்துட்டார்” என்று வார்டில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம் சொல்லப்படாதவர்கள்.

விழுந்த இடத்தில்

எழுப்பி உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், படுத்த நிலையில் புரையேறும், மயக்க மருந்து கொடுப்பதும் தள்ளிப்போகும். முதலில் 108-க்குப் போன். வண்டி வரும்வரை ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மூச்சு விடுகிறாரா, எங்காவது ரத்தம் கொட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்ததுதான் முதுகெலும்பு.

வண்டி வர வழியில்லை, நாமேதான் நகர்த்தியாக வேண்டும் என்றால் வாழைமரத்தை உருட்டுகிற மாதிரி உருட்டுங்கள். ஒருவர் தலைமாட்டில்; அவர் சொல்வதுதான் உத்தரவு. மூன்று பேர் ஒரே பக்கமாக உட்கார்ந்து தோள், இடுப்பு, தொடை என்று பிடிக்க, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் தலையிலிருந்து கால்வரை ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் பலகையை முதுகுக்குக் கீழே தள்ளுவார். பெஞ்ச் போதும், கழற்றிய கதவு போதும். கயிற்றுக் கட்டில் கூடாது, நடுவில் தொய்ந்துவிடும். கழுத்தின் இருபக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, நெற்றியோடு சேர்த்துப் பலகையில் கட்டுங்கள். ஹெல்மெட் போட்டிருந்து மூச்சு நன்றாக இருந்தால் அதைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: பின்பாக்கெட்டில் இருக்கும் போன், சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு அதன்மேல் மூன்று மணி நேரம் கிடந்தால் அங்கே புண் ஆரம்பித்துவிடும். என் தம்பிக்கு வந்த முதல் புண், பாக்கெட்டில் இருந்த பாக்குவெட்டியின் அச்சு. அதேபோல ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் பலகையை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது நகர்த்துவதற்குத்தான், படுக்கவைப்பதற்கு இல்லை.

தண்ணீரில் நடப்பது தனிக் கதை. மேட்டூர் திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த புதிதில், பாலத்துக் கைப்பிடியிலிருந்து வாய்க்காலில் தலைகீழாகப் பாய்கிற பையன்களுக்குக் கழுத்து உடைகிறது. மேலே நுரை கிளம்பும் கலங்கல் தண்ணீர். கீழே இடுப்பளவுகூட இருக்காது. பாய்ந்தவன் மிதந்துகொண்டு கையைக் காலை அசைக்காமல் இருந்தால் கையைப் பிடித்துக் கரைக்கு இழுக்காதீர்கள். முகத்தை மேலே திருப்பி, தலையையும் முதுகையும் ஒரே நேராகத் தாங்கித் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு, பலகை வந்தபிறகு கரையேற்றுங்கள். மூச்சு நின்றிருந்தால் மட்டும் கணக்கு மாறும்: உடனே கரை, உடனே செயற்கைச் சுவாசம்.

முட்டைப்பத்து, மாவுக்கட்டு, வர்மம், நீவிவிடுதல் இவற்றைப் பற்றி எனக்கு நெகிழ்ச்சியான கருத்தெல்லாம் இல்லை. கை எலும்புக்கு யாரிடம் வேண்டுமானாலும் போங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். முதுகெலும்புக்கு நிச்சயமாகப் போகாதீர்கள். உடைந்த முள்ளெலும்பை ஒருவர் கட்டைவிரலால் அழுத்தினால், அந்தத் துண்டு போகிற திசை தண்டுவடம்தான்.

எங்கே போவது

பக்கத்து ஊர் தாலுகா ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, ரத்த அழுத்தம் பார்த்து, யூரின் டியூப் போட்டு அனுப்புவது சரிதான். ஆனால் அங்கே ராத்திரி தங்குவதில் பொருளில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., மயக்க மருந்து டாக்டர், ஐ.சி.யூ., முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் எலும்பு அல்லது நரம்பு சர்ஜன், எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் போவது 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு. மேற்கே இருப்பவர்கள் திருச்சி அரசு மருத்துவமனைக்கு. திருவாரூரிலும், 2022 முதல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் முன் 108 ஊழியரிடமோ அனுப்பும் டாக்டரிடமோ “அங்கே இன்னைக்கு ஸ்பைன் ஆபரேஷன் செய்ய டாக்டர் இருக்காரா?” என்று ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்வி பலருக்கு ஒரு நாளை மிச்சம் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியவில்லை. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரி ஒன்று எக்ஸ்ரே எடுத்து, முன்பணம் கட்டச் சொல்லி, ஸ்கேன் மிஷின் பழுது என்று மறுநாள் மதியம்தான் சொன்னது.

முதல் சில மணி நேரம்

உள்ளே போனதும் முதுகைப் பார்க்காமல் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால்தான் மிச்சம் இருப்பது பிழைக்கும். கழுத்திலோ மேல் மார்பிலோ அடிபட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, நாடியும் மெதுவாகிவிடும். அதற்குத்தான் ஐ.சி.யூ.

அப்புறம் குண்டூசியும் பஞ்சும் வைத்துத் தலை முதல் கால்வரை தொட்டுப் பார்ப்பார்கள். மலவாயில் விரல் விட்டும் பார்ப்பார்கள். கூட இருக்கும் பெண்கள் கூசிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சோதனையில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. கால் அறவே அசையாவிட்டாலும் அந்த இடத்தில் உணர்ச்சியோ இறுக்கமோ மிச்சம் இருந்தால், தண்டுவடம் முழுதாக அறுபடவில்லை, சில நரம்பிழைகள் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். முடிவை ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து எழுத்தில் குறிப்பார்கள். ஏ என்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பி-யில் உணர்ச்சி மட்டும் உண்டு. சி-யிலும் டி-யிலும் அசைவு இருக்கிறது. டி-யில் கூடுதல் பலம். ஈ என்றால் எல்லாம் சரி. இந்த எழுத்தைக் கேட்டு, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். முதல் நாள்களில் தண்டுவடம் அதிர்ச்சியில் கிடக்கும் என்பதால், அந்த எழுத்தை வைத்தே “இனி அவ்வளவுதான்” என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

எக்ஸ்ரேயில் எல்லா முறிவும் தெரியாது. சி.டி. எலும்பைத் துல்லியமாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. தண்டுவடம், எலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், எலும்புகளைப் பின்னாலிருந்து கட்டிவைத்திருக்கும் நார்கள் இவற்றைக் காட்டும். குதித்தாற்போல் விழுந்தவருக்குக் குதிகால் எலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு எலும்போடு சேர்ந்து அது உடைந்திருப்பது சகஜம். கால் மரத்துப்போனதால் அவருக்கே வலி தெரியாது. முதுகில் ஓர் இடத்தில் முறிவு இருந்தால் இன்னோர் இடத்திலும் இருக்கலாம் என்று முழு முதுகையும் படம் எடுப்பார்கள்.

படித்துறையில் வழுக்கி முகம் குப்புற விழுந்த தாத்தாக்கள் தனி ரகம். எலும்பு ஒன்றும் உடைந்திருக்காது. ஆனால் கால் ஓரளவு அசையும், கை அசையாது. ஏற்கெனவே தேய்ந்து குறுகிய கழுத்து பின்னால் மடங்கும்போது தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கியிருக்கும். “நடக்கிறாரே, ஒண்ணுமில்ல” என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: “அந்த விலை உயர்ந்த ஸ்டீராய்டு ஊசியைப் போடுங்க” என்று சண்டை பிடிக்கும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். 1990-களில் அது பரவலாகப் போடப்பட்டது. தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு என்று கெடுதல்கள் தெரிந்தபிறகு வழக்கமாகப் போடுவது குறைந்துவிட்டது. போடலாமா வேண்டாமா என்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் வேண்டுமா

உடைந்த எல்லா முதுகுக்கும் கத்தி வேண்டியதில்லை. டாக்டர் மூன்று விஷயம் பார்க்கிறார்: எலும்பு எப்படி உடைந்திருக்கிறது, பின்பக்கத்து நார்கள் அறுந்திருக்கின்றனவா, நரம்புக்கு அடி இருக்கிறதா. மார்பு, இடுப்பு எலும்புகளுக்கு இதை மதிப்பெண்ணாகவே போடும் முறை ஒன்று உண்டு. வெறுமனே நசுங்கியிருந்தால் 1, எலும்பு வெடித்துச் சிதறியிருந்தால் 2, ஒன்றின்மேல் ஒன்று நழுவியிருந்தால் 3, பிளந்து விலகியிருந்தால் 4. நார் அறுந்திருந்தால் இன்னும் 3. நரம்பு பாதி அடிபட்டிருந்தால் 3. கூட்டி 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் பெல்ட், ஓய்வு; 5-ம் அதற்கு மேலும் என்றால் ஆபரேஷன்; 4 என்றால் டாக்டரின் அனுபவம். முழுதாகச் செயலிழந்தவருக்கு நரம்புக் கணக்கில் 2-தான் தருகிறார்கள், பாதி அடிபட்டவருக்கு 3. ஏன் குறைவு என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. காப்பாற்ற மிச்சம் இருப்பவருக்குத்தான் அவசரம் அதிகம் என்பது அதன் பொருள் என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி விளக்கினார்.

ஆகவே, கால் நன்றாக அசைகிறது, எலும்பு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, நார்கள் முழுசாக இருக்கின்றன என்றால் இரண்டு மூன்று மாதம் பெல்ட் போட்டு, இடையிடையே எக்ஸ்ரே பார்த்தால் போதும் என்பார்கள். “காசில்லாத ஆளுன்னு விட்டுட்டாங்க” என்று நினைக்க வேண்டாம். அதேபோல, ஏ என்று குறிக்கப்பட்டவருக்கும் ஆபரேஷன் செய்வதுண்டு. கால் வருவதற்காக அல்ல. எலும்பு நிலைத்தால்தான் அவரை வலியில்லாமல் உட்காரவைக்கலாம், புரட்டலாம், சக்கர நாற்காலியில் ஏற்றலாம். மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பதால் வரும் சளிக்காய்ச்சலும் புண்ணும்தான் இவர்களைக் கொல்கின்றன. எங்கள் தம்பிக்கு ஆபரேஷன் செய்தது அதற்குத்தான் என்பதை நான் எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

எப்போது

சம்பாப் பயிர்க் கணக்கு இங்கே வருகிறது. கழுத்துத் தண்டுவடக் காயம் பற்றி 2012-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் அந்த ஏ, பி, சி எழுத்துக் கணக்கில் இரண்டு படியோ அதற்கு மேலோ தேறினார்கள். தாமதமாகச் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 9 சதவீதம். ஆகவே இயன்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. இயன்றால் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நுரையீரலில் ரத்தம் கட்டியிருந்தாலோ, ரத்த அழுத்தம் நிற்காவிட்டாலோ, குப்புறப் படுக்கவைத்து மூன்று நான்கு மணி நேர ஆபரேஷனைத் தாங்க மாட்டார். அப்போது காத்திருப்பதுதான் சரி.

ஆனால் காத்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரத்தம் கிடைக்கவில்லை, ஸ்க்ரூ செட் வரவில்லை, காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை, தியேட்டர் காலியில்லை. டாக்டரிடம் “ஏன் லேட்டு?” என்று கேட்காமல், “எது வந்தா ஆரம்பிக்கலாம் சார்? அதுல நாங்க என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் இரண்டு யூனிட் ரத்தத்துக்காகத்தான் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. மச்சானும் அவர் கூட்டாளியும் அரை மணியில் வந்து படுத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கேட்க வேண்டியவை: எந்த எலும்பு, முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை ஸ்க்ரூ, எதற்காகச் செய்கிறோம் — நரம்பு தேறவா, உட்காரவைக்கவா, இரண்டுமா? ஆபத்துகளை அவர்களே சொல்வார்கள்: ரத்தப்போக்கு, தொற்று, தண்டுவடத்தைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிதல், ஸ்க்ரூ இடம் மாறுதல், இருக்கும் பலமும் குறைதல். கேட்டுப் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் “வீட்டுல பெரியவங்களைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றோம்” என்று ஒரு நாளைக் கரைக்காதீர்கள். பெரியவரை ஸ்பீக்கரில் போட்டு அங்கேயே முடியுங்கள்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட ஊழியரைப் பாருங்கள். அட்டையே இல்லையென்றால் ஒருவர் கலெக்டர் ஆபீசுக்கு ஓடட்டும். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில், கட்டணமில்லாமல் கிடைக்கும். இதற்கு எந்த ஊர்க்காரர் என்பதும் கணக்கில்லை. மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது வராது.

எப்படி அடிபட்டது என்பதை விபத்துப் பதிவேட்டில் சரியாக எழுதச் சொல்லி, அதன் நகலை (ஏ.ஆர். நகல் என்பார்கள்) வாங்கிவையுங்கள். வண்டி விபத்து இழப்பீட்டுக்கும், உழவர் பாதுகாப்புத் திட்டத்துக்கும், தொழிலாளர் நலவாரியத்துக்கும் அதுதான் அடிப்படை. தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேரா சுரக்ஷா’ காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. விழுந்தபிறகு அதில் சேர முடியாது. ஏறுகிற உறவினர் யாராவது இருந்தால் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

தியேட்டருக்குள்

மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். கழுத்து உடைந்திருந்தால், மூச்சுக்குழாய் போடும்போது கழுத்து அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்வார். முதுகின் நடுவே கீறி, தசையை இருபக்கமும் விலக்கி, உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் இருக்கும் நல்ல எலும்புகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக ஸ்க்ரூ போடுவார்கள். எங்கே போகிறது என்று சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரேயில் அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பியால் அவற்றை இணைத்து, வளைந்துபோனதை நிமிர்த்துவார்கள். அழுத்தம் இருந்தால் பின்பக்க எலும்புத் தகட்டை எடுத்து இடம் கொடுப்பார்கள். கழுத்தில் பெரும்பாலும் முன்பக்கமாகப் போய், நசுங்கிய டிஸ்க்கையோ எலும்பையோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பு எலும்புத் துண்டையோ கூண்டு மாதிரி ஒரு கேஜையோ வைத்து, தகடு போட்டு முடுக்குவார்கள்.

ஸ்க்ரூ பெரும்பாலும் டைட்டானியம். துருப்பிடிக்காது, இடியை இழுக்காது, பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். தொந்தரவு தராவிட்டால் பொதுவாக எடுக்கத் தேவையில்லை. கம்பி தாங்குவது சில மாதம்தான். அதற்குள் எலும்பு சேர்ந்துவிட வேண்டும். அதனால்தான் பீடி, சிகரெட்டை விடச் சொல்கிறார்கள். புகை எலும்பு சேருவதைக் கெடுக்கும்.

அதற்கு அப்புறம்தான் வேலை

ஆபரேஷன் நான்கு மணி நேரம். இது ஆயுள் முழுக்க. 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்குத் தனி வார்டு தொடங்கினார். அதுவரை அவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறந்துபோனார்கள். அவர் முதலில் செய்தது பெரிய ஆபரேஷன் எதுவுமில்லை. ராத்திரி பகலாக இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப்போட்டதுதான்.

அதே வேலைதான் உங்களுக்கும். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என்று சுழற்சி. போனில் அலாரம் வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகால் படுக்கையைத் தொடாமல் தொங்க வேண்டும். தினமும் ஒருமுறை டார்ச் அடித்து வால் எலும்பு, இடுப்பு எலும்பின் இருபக்கம், குதிகால், பின்தலை இவற்றைப் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. காற்றுப் படுக்கை வாங்கினால் நல்லது, ஆனால் அது புரட்டுவதற்கு மாற்று இல்லை. கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விற்பார்.

சிறுநீர்: முதலில் டியூப் இருக்கும். பிறகு நான்கு முதல் ஆறு மணிக்கொரு முறை சுத்தமான சிறு குழாய் விட்டு எடுத்துவிடும் பழக்கத்துக்கு மாற்றுவார்கள். சிஸ்டரிடம் இருமுறை செய்துகாட்டச் சொல்லி, மூன்றாம் முறை அவர் பார்க்க நீங்களோ நோயாளியோ செய்யுங்கள். ஒரு தடவையில் அரை லிட்டருக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மலத்துக்கும் நேரம் குறிக்க வேண்டும். தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, காலை உணவுக்குப் பின் அதே நேரத்தில். வெட்கத்தில் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறவர்கள்தான் மறுமாதம் காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள்; ரத்தம் கட்டியிருக்கலாம். மார்பின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவந்து வியர்வை என்றால் உட்காரவைத்து, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரத்த அழுத்தம் எங்கோ போயிருக்கும். சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

சில வாரம் கழித்துக் கால் தானாக வெட்டி இழுக்கும். வீடே அழுது, குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொள்ளும். நாங்களும் நேர்ந்துகொண்டோம். அது பெரும்பாலும் தண்டுவட அதிர்ச்சி தெளிந்து வரும் அனிச்சை இழுப்பு. அவர் நினைத்து, அவர் சொன்ன நேரத்தில் அசைந்தால்தான் அசைவு. இதைக் குடும்பத்துக்குச் சொல்வதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு வேறில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களின் போன் வரும். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது. நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

சாப்பாட்டில் புளி ஆகாது, மீன் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் சொல்வார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பயறு, பால் எல்லாம் கொடுங்கள்.

பிசியோதெரபி, ஆபரேஷன் முடிந்த மறுநாளே மூச்சுப் பயிற்சியில் தொடங்கும். பின்னர் தங்கிப் பயிற்சி பெற வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்றவை உண்டு. வேலூர்ப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்; சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். தம்பி முதல் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. வேலூரில் தன்னைப்போலவே விழுந்து, இப்போது செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்த அன்றுதான், “அண்ணே, நீங்க எப்படி பஸ் ஏறுறீங்க?” என்று வாய் திறந்தான்.

வீடு

டிஸ்சார்ஜுக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். சரிவுப்பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய நம் வீடுகளில் திண்ணையே மூன்றடி. முப்பத்தாறு அடிக்கு வாசலில் இடம் எங்கே? நாங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சுற்றவிட்டு, நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கட்டினோம். குளியலறைக் கதவு சக்கர நாற்காலி அகலத்துக்கு இல்லையென்றால் நிலையைப் பெயர்த்து அகலமாக்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதாந்தர உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலியும் அங்கேயே கிடைக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், ஏ.ஆர். நகல் மூன்றையும் நான்கு நான்கு நகல் எடுத்துவையுங்கள்.

கொத்தனார் சரிவை இன்னும் செங்குத்தாகப் போட்டால் செலவு குறையும் என்பார். சம்மதிக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதலில் அப்படித்தான் போட்டோம். தம்பியால் தானாக ஏற முடியவில்லை; ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டியிருந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினோம். இப்போது காலையில் அவனே இறங்கிப் போய்க் கொட்டகையில் பால் கறந்துவிட்டு, அவனே ஏறி வருகிறான்.